கல்லறை வரிசைக்கு வெள்ளையடித்தது சம்பந்தமாக

அடிலெய்டுக்கு வடக்கே,
ஆஸ்திரேலியா.
நவம்பர் 24.

அனுப்புநர்: சா. தேவதாசன், பள்ளிக்கூட எழுத்தர் (ஓய்வு).
பெறுநர்: திரு. ஜாபேஸ் அவர்கள், பாளையங்கோட்டை.
பொருள்: தங்கள் அக்காவின் கல்லறைக்கும் பக்கத்துக் கல்லறைகளுக்கும் வெள்ளையடித்தது, மற்றும் நான் ஊர் திரும்புவது சம்பந்தமாக.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மைத்துனர் அவர்களுக்கு,

தோத்திரம். இங்கு நான், மகள் ரீபா, மருமகன் எபனேசர், பேத்தி ஜெசி ஆகிய நால்வரும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்கிறோம். அங்கு தாங்களும் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு எழுதியபோது ஐவரும் சுகம் என்று எழுதினேன். இப்போது நால்வர் என்று எழுதக் கை வரவில்லை, இரண்டு தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் அழைத்தால் தாங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும், "அக்காவ அங்கன விட்டுட்டு உங்களுக்கு எப்படி அத்தான் சோறு எறங்குது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவிலும் அதே கேள்விதான். அதற்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் ஆயுசெல்லாம் விளக்கக் கடிதம் எழுதியே பழகியவன் ஆகையால், முறையாக எழுத்து மூலம் விளக்கம் சமர்ப்பிக்கிறேன். கோபத்தோடேயாவது முழுவதும் வாசிக்கவும்.

முதலில் நாங்கள் இங்கே எப்படி இருந்தோம் என்று சொல்ல வேண்டும். உங்கள் அக்கா இங்கே வதைப்பட்டாள் என்று நீங்கள் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பதாக ரீபா சொன்னாள். அப்படி இல்லை. வெளிநாடு என்றால் குளிர் என்று நினைத்து அக்கா கம்பளிச் சட்டையாக வாங்கிக் கட்டினாள் அல்லவா, வந்து இறங்கிய சில வாரத்தில் நம் சித்திரை வெயில் கொளுத்தியது. கிறிஸ்துமஸ் அன்று தார்ச்சாலை உருகுகிறது. "இதுக்கு நாம ஹைகிரவுண்டு மைதானத்துலயே இருந்திருக்கலாமே" என்றாள். தெருவில் ஆளே கிடையாது. காலையில் கார்கள் போகும், சாயங்காலம் கார்கள் வரும், நடுவில் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்களோ என்று தோன்றும். செவ்வாய்க்கிழமை மட்டும் குப்பை வண்டி வரும். அதிலிருந்து இரும்புக் கை ஒன்று நீண்டு தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகும், ஓட்டுகிறவர் இறங்குவதே இல்லை. நான் வாசலில் நின்று குட் மார்னிங் சார் என்பேன், அவர் ஒரு விரலைத் தூக்குவார். சில வாரம் வெளியாளோடு எனக்கு நடந்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான். "உங்க சிநேகிதரு வாராரு, வேட்டிய ஒழுங்கா கட்டிக்கிட்டுப் போங்க" என்று அக்கா கேலி செய்வாள்.

கிறிஸ்துமஸுக்கு அவள் விடவில்லை. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்து, தட்டில் வைத்து, மேலே துணி போட்டு மூடி, நம் ஊர் வழக்கப்படி தெரு முழுவதும் ஜெசியைக் கூட்டிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் எல்லாத் தட்டும் திரும்பி வந்தன. கழுவித் துடைத்துப் பளபளவென்று, மேலே நன்றி என்று அச்சடித்த ஒரு அட்டை. உள்ளே ஒன்றும் இல்லை. நம் ஊரில் வெறும் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேச்சு வார்த்தை இருக்காதே. அவள் வாசலிலேயே நின்று, "இத்தன வீட்டுலயும் ஒரு கை சீனி கூடவா இல்ல?" என்றாள். பிறகு அடுக்களைக்குப் போய் அவளே ஒவ்வொரு தட்டிலும் ஒரு கை சீனி போட்டு, அவர்கள் கொடுத்ததாக வைத்துக்கொண்டு, மீண்டும் டப்பாவில் கொட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வேறு என்னவோ வருகிறது.

இன்னொன்றையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எபனேசர் வேலை பார்ப்பது பழச்சாறு கம்பெனி என்று தாங்கள் நம் கோயில் சேகரக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னீர்கள். பழச்சாறுதான். ஆனால் அதைப் பல வருடம் பீப்பாயில் போட்டு வைத்துவிட்டு அப்புறம்தான் விற்கிறார்கள். இந்த ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம், எல்லாம் ஒயினுக்கு. மருமகன் துணியில் வந்த வாசனையை வைத்து உங்கள் அக்காதான் கண்டுபிடித்தாள். நான் ஆடிப்போய்விட்டேன், மதுவிலக்குச் சங்கத்தில் செயலாளராக இருந்தவன் அல்லவா. அவள் மட்டும் நிதானமாக, "கோயில் திருவிருந்துக்கும் யாராச்சும் ஒயின் செய்யத்தானே வேணும்" என்றாள். இங்கே ஒரு நாளில் செய்வதை வைத்து நம் திருமண்டலம் முழுவதும் ஆண்டவர் வருமட்டும் திருவிருந்து நடத்தலாம், அதை அவளிடம் சொல்லவில்லை. தாங்களும் குருவானவரிடம் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள சின்னக் கோயிலுக்குப் போவோம். பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் என்னைவிட வயதானவர்கள். முதல் வாரம் ஆராதனை முடிந்தது தெரியாமல் நானும் அக்காவும் உட்கார்ந்தே இருந்தோம். இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் அது முன்ஜெபமாகத்தான் இருக்கும், இனிமேல்தான் பிரசங்கம் என்று நினைத்தோம். விளக்கை அணைக்க வந்தவர்தான் எழுப்பிவிட்டார். பாட்டெல்லாம் நமக்குத் தெரிந்த மெட்டு. அவர்கள் இங்கிலீஷில் முணுமுணுக்க, அக்கா அதே மெட்டில் தமிழில், புத்தகம் பார்க்காமல், பாளையங்கோட்டைத் தொண்டையில் பாடுவாள். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. நாலைந்து வாரம் கழித்து அவளுக்குச் சளி பிடித்துப் பாடாமல் இருந்தபோது, ஒரு கிழவி எங்களிடம் வந்து இன்றைக்குப் பாட்டு நன்றாக இல்லையே என்று வருத்தப்பட்டாள். ஆகவே, அவள் இங்கே வதைப்பட்டாள் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். சந்தோஷமாகத்தான் இருந்தாள். வேறு எந்த மனவருத்தமும் எனக்குப் பரவாயில்லை, இந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லும்.

ஜூன் மாதம் நடந்தது உமக்குத் தெரியும். அரிசி களைந்து வைத்துவிட்டு, "தலைய என்னமோ பண்ணுது, கொஞ்சம் இருங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அரிசியை அன்று யாரும் உலையில் போடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் வைக்கவில்லை, மகளும் நர்ஸ். இரண்டு நாள் இருந்தாள், பேசவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவரலாம், ஆனால் காகிதங்கள் எல்லாம் முடிய நாளாகும், அதுவரை குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை, அவள் மதுரை ஏசி பஸ்ஸிலேயே தலையோடு போர்த்திக்கொண்டு வருகிறவள். நான்தான் வேண்டாம் என்றேன். ரீபா சொல்லவில்லை, எபனேசரும் சொல்லவில்லை. ஏச வேண்டுமென்றால் என்னை ஏசும், பிள்ளைகளை விட்டுவிடும்.

அடக்கத்தை உங்களுக்குத் தொலைபேசியில் காட்டிக்கொண்டிருந்தான் எபனேசர். பெட்டியை இறக்குகிற நேரம் பார்த்து அது உறைந்துபோய், நீங்கள் எல்லோரும் ஒரே அறையில் கூடி நின்று வெகுநேரம் அவனுடைய ஷூவைப் பார்த்து அழுதீர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அதனால் நீர் பார்க்காததைச் சொல்கிறேன். நல்ல ஆழமான குழி. மண் சிவப்பு, குலசேகரன்பட்டினம் போகிற வழியில் தேரி மண் இருக்குமே, அதே நிறம். இங்கே யாரும் சத்தம் போட்டு அழவில்லை, நான் அழுதேன், ஒருவரும் தடுக்கவில்லை. மூன்று கைப்பிடி மண் போட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று உமக்கு.

இனி வெள்ளையடித்த விவரம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் நம் கல்லறைத் தோட்டம் எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும், சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகக் கூட்டம். உம் அக்கா நம் வீட்டுக் கல்லறைகளுக்கு அடித்து முடித்தாலும் வீட்டுக்கு வரமாட்டாள். மிச்சச் சுண்ணாம்பைத் தூக்கிக்கொண்டு, ஆள் வராத கல்லறையாகப் பார்த்து அடித்துக்கொண்டே போவாள். நான் முணுமுணுத்தால், "பாவம், பிள்ளைங்க வெளிநாட்டுல கெடக்கு. நாம அடிக்கலேன்னா யாரு அடிப்பா?" என்பாள். இங்கே திருநாள் நெருங்கியும் ஒருவரும் அசையவில்லை. நான் ஜெசியைக் கூட்டிக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனேன். சுண்ணாம்பு மூட்டை கிடைத்தது. எதற்கு என்று கடைக்காரன் கேட்டான். மனைவிக்கு என்றேன். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

துணி வெளுப்பதற்கென்று அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த நீலம் அவள் பெட்டியில் இருந்தது. அதில் கொஞ்சம் கலந்து, வாளியோடு கல்லறைக்குப் போனேன். அவளுக்கு இன்னும் கல் வைக்கவில்லை, மண் இறங்கின பிறகுதான் வைப்பார்களாம். சின்ன சிமெண்டுத் திண்டு மட்டும்தான். நாலு இழுப்பில் வேலை முடிந்தது. வாளி நிறையச் சுண்ணாம்பு மிச்சம். பக்கத்தில் வரிசையாகப் பழைய கல்லறைகள், பாசி பிடித்துக் கறுத்து, பேர்கூடத் தெரியாமல், புல் முளைத்துக் கிடந்தன. ஒன்றிலும் ஒரு பூ இல்லை. என்ன செய்வேன் சொல்லும். அவள் இருந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். வரிசை முழுவதும் அடித்துவிட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்ததுபோல் இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். உம்முடைய கேள்விக்குப் பதில் அதுதான், அன்று சோறு இறங்கியது.

மறுநாள் கல்லறைகளைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்திலிருந்து ரீபாவுக்கு அழைப்பு. நான் அடித்ததில் பெரும்பாலும் நூறு வருடத்துக்கு முந்தின கற்களாம், அந்தப் பாசியோடேயே அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களாம். பாசியைப் பாதுகாப்பது எந்த ஊர் வழக்கம்? ரீபா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எப்பா, இது பாளையங்கோட்டை இல்லப்பா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள். எபனேசர் ஆளைத் தேற்றுகிறேன் என்று, "போட்டும் விடு, மாமா என்ன திருடவா செஞ்சாவ" என்றான். நான் வழக்கம்போல ஒரு விளக்கக் கடிதம் தயார் செய்தேன். ஜெசி வாசித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல எங்கயுமே சாரின்னு சொல்லலையே" என்றாள். நானும் திரும்பப் படித்துப் பார்த்தேன், சொல்லவில்லைதான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பழைய வண்டி வாசலில் வந்து நின்றது. எண்பது வயதைத் தாண்டிய உயரமான கிழவர், பெயர் வெர்னர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே வந்து உட்காராமல், "என் அம்மாவுக்குச் சுண்ணாம்பு அடித்தது யார்?" என்றார். ரீபா என்னை மறைத்துக்கொண்டு நின்றாள். நான் விலகி முன்னால் வந்து, நான்தான் சார் என்றேன். வழக்கத்தைச் சொன்னேன், மிச்சச் சுண்ணாம்பைச் சொன்னேன், உம் அக்காவைச் சொன்னேன். என் இங்கிலீஷ் முழுவதும் அரசு விண்ணப்பத்தில் உள்ளது, தடுமாறின இடத்தில் ஜெசி சொல்லிக்கொடுத்தாள். அவர், "யாரையும் கேட்காமலேயா?" என்றார். "கேட்பதற்கு ஆள் இருந்தால் நாங்கள் அடிக்கவே மாட்டோம்" என்றேன்.

அவர் ரீபா கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கால் வலி வந்ததிலிருந்து பல வருடமாக அம்மாவைப் பார்க்கப் போகவில்லையாம். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தாராம். மற்ற கற்களைத் தண்ணீர் அடித்துக் கழுவட்டும், அம்மாவை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன், அந்த லேசான நீலம் அவளுக்குப் பிடித்திருக்கும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசல் வரை கொண்டுவிடப் போனேன். வண்டியில் ஏறும்போது அவர் சர்வசாதாரணமாக, "எப்படியும் வருகிற வருடம் அவளுடைய காலம் முடிகிறது. எனக்குப் பிறகு யாரும் இல்லை, இனிமேல் நீட்டப் போவதில்லை" என்றார். எந்தக் காலம் என்று கேட்டேன். அவர் ரீபாவைப் பார்த்தார். ரீபா தரையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை, இந்த ஊரில் கல்லறை வாடகைக்கு. சொந்தம் கிடையாது. காலக்கெடு போட்டுத்தான் கொடுக்கிறார்கள். நான் ரீபாவிடம், "எம்மா, அம்மைக்கு எத்தன வருசம்?" என்றேன். "இருபத்தஞ்சுப்பா" என்றாள். "அதுக்கு அப்புறம்?" என்றேன். "எலும்ப எடுத்து இன்னும் ஆழத்துல பத்திரமா வச்சிட்டு, அதுக்கு மேல வேற ஆளுக்குக் குடுப்பாங்க. ஆனா புதுப்பிக்கலாம்ப்பா, நான் புதுப்பிப்பேன்" என்று சொல்லி அழுதாள். அவள் செய்வாள். ஆனால் எபனேசருடைய கம்பெனி அவனை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால்? ஜெசி கட்டிக்கொண்டு எங்கே போவாளோ? அந்த வெர்னரும் ஒரு காலத்தில் நீட்டத்தான் செய்திருப்பார்.

உன் அக்கா வாடகை வீட்டில் பிறந்தவள் இல்லை, என்னைக் கட்டின பிறகுதான் அந்தப் பாடு. சமாதானபுரத்தில் கொஞ்ச காலம், பெருமாள்புரத்தில் கொஞ்ச காலம், கடைசியில் வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடைக்கு மேலே, பஸ் சத்தத்தில். ஒவ்வொரு வீட்டையும் காலி செய்யும்போது தரையைத் தேய்த்துக் கழுவி, அடுப்படிக் கரியைத் துடைத்து, அடுத்து வருகிறவர்கள் ஏசக்கூடாது என்று சாவியைக் கொடுப்பாள். கடைசியாகப் படுத்த இடமாவது அவளுக்குச் சொந்தம் என்று இத்தனை மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் வாடகை என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ கோபப்பட்டது நியாயம்தான். அன்றைக்கு அந்தக் குளிர்பெட்டிக்குச் சரி என்று சொல்லியிருந்தால், இன்றைக்கு அவள் உங்கள் அப்பா பக்கத்தில் இருப்பாள்.

ஆகவே நான் ஊருக்கு வந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். இங்கேயே இருந்தால் நாள் முழுவதும் அந்தக் கெடுவைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். டிசம்பர் இரண்டாவது வாரத்தில் டிக்கெட் போட்டாகிவிட்டது. சென்னையில் விமானம் மாறி வாகைக்குளம் விமானநிலையத்தில் இறங்குகிறேன். நீ மட்டும் வந்தால் போதும், கூட்டம் கூட்ட வேண்டாம், என்னைப் பார்த்ததும் அழ வேண்டாம். நீ முன்பு சொன்னாயே, அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று விட்டு வைத்திருக்கிற இடம், அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. வருடா வருடம் அக்காவுக்குச் சுண்ணாம்பு அடிப்பதாக வெர்னர் வாக்குக் கொடுத்திருக்கிறார், கால் உள்ளமட்டும் செய்வார். மீதி நீலத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வருகிறேன். நம் இருவருக்கும் நடுவில் உள்ள கோபதாபங்களை இந்தக் கடிதத்தோடு முடித்துக்கொள்வோம் என்று மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசீர்வாதமும். ஆண்டவர் உன் வாசலையும் அடுக்களையையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
தேவதாசன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு இன்று காலை திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட அந்தக் கல்லறை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பெண்ணிடம், எழுத்தர் புத்தி போகாமல், விதிமுறை முழுவதையும் விசாரித்தேன். அக்காவின் குழியை இருவருக்கான ஆழத்தில்தான் வெட்டியிருக்கிறார்களாம். இரண்டாவது ஆளை வைக்கிற அன்றைய தேதியிலிருந்து இருவருக்கும் சேர்த்துப் புதிதாக இருபத்தைந்து வருடம் தொடங்குமாம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஆகவே மேலே கண்ட முடிவை ரத்து செய்ததாகக் கருதவும். வாகைக்குளத்துக்கு வர வேண்டாம். அப்பா பக்கத்து இடத்தை யாருக்காவது கொடுத்துவிடு. நான் எவ்வளவு தாமதமாகச் சாகிறேனோ அவ்வளவு வருடம் உன் அக்காவுக்குக் கூடும். ஜூன் மாதத்திலிருந்து என்னைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் என்றுதான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு அதை மாற்றிவிட்டேன். நீயும் என்மேல் உள்ள கோபத்தில் வேறு ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்.